மறியல் என்கிற பூனை

கச்சிராயபாளையம் சாலை,
கள்ளக்குறிச்சி,
11.10.1987.

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் செல்வி வணங்கி எழுதுவது. அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே நலமாக இருக்கிறோம்.

ராமசாமி அண்ணனுக்கு வணக்கம். அண்ணே, அங்கே சிறையில் என் கடிதங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவது நீங்கள்தான். இந்த முறை ஓர் உதவி. அடுத்த பத்தியை மட்டும், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நிறுத்தி இரண்டு தடவை படியுங்கள். மீதியை அவர் சாப்பிட்ட பிறகு படித்தால் போதும்.

அப்பா, என்னைப் போலீஸ் தேடவில்லை. நான் எந்தச் சாலையிலும் போய் உட்காரவில்லை. மலையில் போய் ஒளியப்போவதும் இல்லை. நம் வீட்டில், நம் தோட்டத்தில்தான் இருக்கிறேன். எனக்காகப் பயந்து எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்காதீர்கள். தயவுசெய்து சாப்பிடுங்கள்.

இன்று காலை சடையன் மாமா வந்தார். நேற்றுதான் அவரைச் சிறையிலிருந்து விட்டார்களாம். தாடியும் துணிமூட்டையுமாக, தம் வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே நம் படலைத் திறந்துகொண்டு வந்து நின்றார். நான் கத்திரிப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டார். "இன்னா பாப்பா, நீ மல ஏறலியா?" என்றார். பிறகு கோபம் வந்துவிட்டது. "ஒங்கப்பா ரெண்டு நாளா சோத்துல கை வெக்கல. எம்பொண்ணு வாயில்லாப் பூச்சி, அதப் போயி போலீசு தேடுதேன்னு பொலம்பிக்கினு இருக்காரு. நீ இன்னாடான்னா கத்திரிக்காய்க்கு மண்ணு தள்ளிக்கினு இருக்கற!" என்று சத்தம் போட்டார்.

அம்மா அவரை உட்கார வைத்து நீராகாரம் கொடுத்த பிறகுதான் முழுவதும் வெளியே வந்தது. என் போன கடிதத்தை ராமசாமி அண்ணன் படித்து முடித்ததும் நீங்கள் எழுந்து சுவர்ப்பக்கம் போய்ப் படுத்துவிட்டீர்களாம். கொட்டடியில் ஆளுக்கு ஒன்றாகப் பேசினார்களாம். "பொடலங்காய்க்குக் கல்லு கட்டறேன்னு முன்ன எழுதியிருந்துச்சே, அந்தக் கல்லத்தான் போலீசு மேல வுட்டுடுச்சு போல" என்றுகூட ஒருவர் சொன்னாராம். இனிமேல் மறியலுக்கு வரமாட்டேன் என்று கைநாட்டு வைப்பவர்களை விட்டுவிடுகிறார்கள் என்றும், இத்தனை நாள் அந்தப் பேச்சையே எடுக்கவிடாத நீங்கள், வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரி வரும்போது வைத்துவிடுவதாக ஒத்துக்கொண்டீர்கள் என்றும் மாமா சொன்னார். "நான் வெச்சுட்டுதான் வந்தேன் பாப்பா. மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட வூட்ல ஆள் இல்ல. ஆனா ஒங்கப்பா வெப்பாருன்னு நான் நெனைக்கல" என்றபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை, இன்னும் உள்ளே இருக்கிற தம் தம்பியைப் பார்க்க மறுபடி கடலூர்ச் சிறைக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாம் நான் எழுதிய நான்கு வரியால் வந்தது. அவை எனக்கு மனப்பாடமாக இருக்கின்றன. "வீட்டில் ஓயாத மறியல். அதனால் நேற்று போலீஸ்காரர் வாசலுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார். நம் தெரு ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் மலை ஏறிவிட்டார்கள். நானும் மலை ஏறலாமா அப்பா, யோசித்துச் சொல்லுங்கள்." எழுதும்போது முதல் இரண்டு வரி எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது ஜெயிலில் உட்கார்ந்து கேட்பவர் காதால் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு வரியும் வேடிக்கையாக இல்லை.

அப்பா, மறியல் என்பது நம் பூனை.

உங்களைப் பிடித்துக்கொண்டு போன அன்று எங்கிருந்தோ ஒரு குட்டி ஓடிவந்து உரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது என்று எழுதியிருந்தேனே, அதுதான். சாம்பல் உடம்பில் கறுப்புக் கோடு. அதற்குப் பெயர் வைத்தது அம்மா. வாசற்படிக்குக் குறுக்கே நீளமாகப் படுத்துக்கொண்டு, குடத்தோடு வந்தாலும் நகராது, கூடையோடு வந்தாலும் நகராது. அதட்டினால் கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். "தே, எழுந்திரு! அவரு மாதிரியே குறுக்கப் படுத்துக்கினு மறியலா பண்ற?" என்று அம்மா ஒரு நாள் கத்தினாள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. பெயர் வைத்ததை உங்களுக்கு எழுதிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை.

போலீஸ்காரர் வந்த கதையையும் கேளுங்கள். போன வாரம் ஒரு மாலை குட்டியைக் காணவில்லை. அம்மா வாசலில் நின்று, "மறியல்! மறியல்! வா, வா!" என்று தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்து ரோந்து வந்த போலீஸ்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னாம்மா, யாரக் கூப்புடற? எங்க மறியல்?" என்றார். அம்மா பயத்தில், "எங்கனா பாத்தில படுத்துக்கினு இருக்குங்க" என்றாள். அவர் லத்தியோடு தோட்டத்துக்குள் புகுந்தார். சுரைக் கொடிக்குள்ளிருந்து குட்டி வெளியே வந்து அவர் பூட்ஸ் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "இத நான் ஸ்டேஷன்ல சொல்ல முடியாது, நீயும் யாராண்டயும் சொல்லாத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தரையில் கிடந்த ஒரு சுரைக்காயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இதைத்தான் நான் அப்படிச் சுருக்கி எழுதினேன்.

அண்ணே, கொட்டடியில் எல்லோரும் சிரிக்கிறார்களா? அப்பா சிரித்தாரா என்று மட்டும் பதிலில் ஒரு வரி எழுதுங்கள்.

இப்போது மலை விஷயம். நம் பக்கத்தில் மலை ஏறிவிட்டான் என்றால் இந்த நாட்களில் ஒரே அர்த்தம்தான், போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்பது. அதற்கு முன்னாலும் அது நல்ல அர்த்தமாக இல்லை. சாராயம் காய்ச்சப் போகிறவர்களைத்தான் அப்படிச் சொல்வோம். விளக்கு அணைந்தாலும் மலையேறிவிட்டது என்போம். இத்தனையும் தெரிந்தவள் அந்தச் சொல்லை எழுதினேன் என்றால், நேராகச் சொல்லக் கூச்சப்பட்டதுதான் காரணம். என் கடிதத்தை ஒரு கொட்டடியே கேட்கிறது. அங்கே வைத்து நீங்கள் "வேணாம்" என்று சொன்னால் அத்தனை பேர் நடுவில் சொன்னதாகிவிடும், பிறகு மாறாது என்று பயந்தேன். அதனால் உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதுவதாக நினைத்துக்கொண்டேன். உங்களுக்குத்தான் புரியவில்லை.

நேராகவே எழுதுகிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளியில் ஆசிரியை. தற்காலிக வேலைதான். ஆவணியில் எங்கள் கல்லூரி அம்மா ஒருவர் சொல்லி, கள்ளக்குறிச்சியிலேயே நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்தேன். நீங்கள் அப்போது ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். எப்படியும் கிடைக்காது என்பதால் சொல்லவில்லை. அவர்கள் கேட்ட முதல் மூன்று கேள்விக்கு எனக்குக் குரல் எழும்பவில்லை. கடைசியில், "மலையில் தனியாக இருக்கப் பயமில்லையா?" என்றார்கள். "பயம்தான்" என்றேன். அதற்கு மட்டும் சத்தமாகப் பதில் வந்துவிட்டது. சிரித்துவிட்டார்கள். நீங்கள் போன பிறகு உத்தரவு வந்தது. தீபாவளிக்குப் பிறகு பள்ளி திறக்கும் அன்று போய்ச் சேர வேண்டும்.

உங்களுக்கு இது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். "மலையில எல்லாம் வேணாம், நமக்குன்னு ஒதுக்கி ஒரு நாள் தருவாங்க, அன்னிக்கு கவருமெண்டு ஆபீசுல மின்விசிறிக்குக் கீழ ஒக்காருவ" என்று நீங்கள் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒதுக்கீட்டுக்காகத்தான் நீங்கள் மறியலுக்குப் போய் அங்கே சிமெண்டுத் தரையில் படுத்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் நான் ஒரு சின்ன வேலைக்குப் போகிறேன் என்றால், உங்கள் போராட்டத்தை நானே பாதி விலைக்குக் கொடுத்துவிட்ட மாதிரி உங்களுக்குத் தோன்றுமோ என்று யோசித்து யோசித்துத்தான் அந்த நான்கு வரியில் வந்து நின்றேன்.

ஆனால் அப்பா, பட்டம் வாங்கி இரண்டு வருடமாகத் தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டம் இவ்வளவு காய்ப்பதற்கு அதுதான் காரணம். வேறு வேலை இல்லாதவள் பார்க்கிற தோட்டம் காய்க்காமல் என்ன செய்யும்? ஆடியில் போட்ட புடலை பந்தல் கொள்ளாமல் தொங்குகிறது. பாகல், பீர்க்கு, சுரை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. தெருவில் கொடுத்தது போக அம்மா கூடையில் சந்தைக்கும் எடுத்துப் போகிறாள். அங்கே நம் கூடையைப் பார்த்ததும், "வந்துடுச்சு பாரு பி.ஏ. கத்திரிக்கா" என்கிறார்களாம். "படிச்ச கத்திரிக்கா, வேகறதுக்கு லேட்டாவும்" என்று பாப்பாத்தி அத்தை அம்மாவின் முகத்துக்கு எதிரிலேயே சொன்னாளாம். அத்தையின் வாய் உங்களுக்குத் தெரியும், மனதில் ஒன்றும் இல்லை. அம்மாவும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். எனக்கு அன்று சினிமாக் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் விடுகிற வரைக்கும் தூக்கம் வரவில்லை.

தோட்டம் என்றதும் மறியலின் அட்டகாசத்தையும் சொல்லிவிடுகிறேன், கொட்டடியில் கேட்பார்கள் என்று மாமா சொன்னார். புடலம்பிஞ்சு நேராக நீள வேண்டும் என்று நுனியில் கல் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன் அல்லவா, அந்தக் கல்லெல்லாம் தனக்காகத்தான் கட்டியிருக்கிறது என்று அது முடிவு செய்துவிட்டது. பந்தலுக்குக் கீழே மல்லாந்து படுத்து ஒரு கல்லைத் தட்டும். அது ஆடி வந்து அடுத்த கல்லில் இடிக்கும். உடனே எழுந்து அதைத் தட்டும். வரிசையாகப் பந்தல் முழுவதும் ஆடும். ஒரு நாள் ஒரு பிஞ்சைக் கல்லோடு அறுத்துத் தன் மேலேயே போட்டுக்கொண்டு, பயந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது. எடுத்துத் துடைத்துவிட்டேன். அரை மணியில் திரும்பப் பந்தலடியில் இருந்தது. இந்த வருடம் நம் புடலங்காய் ஒன்றுகூட நேராக இல்லை. புரட்டாசிக்காக வீட்டில் மீன் இல்லை என்பதில் மட்டும் அதற்குக் கோபம். தயிர்ச்சோற்றை வைத்தால், நம்மைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பருக்கையாகத் தின்கிறது.

இங்கே கடிதத்தை நிறுத்தும்படி ஆகிவிட்டது. அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

அம்மா சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் மறைத்து எழுதியதால் வந்ததைப் பார்த்துவிட்டேன். "இன்னாடி எழுதற?" என்றாள். சொன்னேன். "எழுதாத. அவரு அப்பிடியே நெனச்சிக்கினு நாட்டு வெச்சுட்டு வரட்டும். வந்த பெறவு பூனையக் காட்டி எல்லாரும் சிரிச்சிக்கலாம். தீவாளிக்கு வூட்ல ஒரு ஆம்பள வேணாமா?" என்றாள். நான் பேனாவை மூடவில்லை. "அங்க இருமறாராம். சடையன் ஒனக்குச் சொல்லல, எங்கிட்ட சொன்னான்" என்றாள். பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா, அம்மா கேட்டது தவறு என்று என்னால் எழுத முடியாது. எனக்கும் அந்த ஆசை வந்தது. சடையன் மாமா வெள்ளிக்கிழமை என்று சொன்ன உடனே, மாமா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. சும்மா இருந்தால் போதும், நீங்கள் வந்துவிடுவீர்கள். ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

12.10.1987, காலை.

நேற்று அதற்கு மேல் எழுதவில்லை.

இன்று விடிந்ததும் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் மறியல் குறுக்கே படுத்திருந்தது. அதட்டுவாள் என்று பார்த்தேன். அதட்டவில்லை. குடத்தோடு அப்படியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "மகளுக்கு ஒடம்பு சரியில்லன்னு வந்தார்னாலும் ஊரு ஒத்துக்கும். எனக்குன்னு வந்தார்னா நானே ஒத்துக்குவேன். இந்தப் பூனைக்குப் பயந்து நாட்டு வெச்சுட்டு வந்தார்னு நாளைக்கு எவனாவது டீக்கடைல சிரிச்சான்னா, அந்த மனுசன் அப்பறம் தெருவுலயே நடக்க மாட்டாரு. எனக்குத் தெரியாதா அவர?" பேனா அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. அவிழ்த்து என் மடியில் போட்டாள். "எழுதித் தொலை" என்றாள்.

ஆகவே எழுதிவிட்டேன். இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். இருமல் இருந்து, வீட்டு நினைவு வந்து, போதும் என்று தோன்றி நீங்கள் நாட்டு வைத்தால், நான் சந்தோஷமாகப் பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்பேன். யார் என்ன சொன்னாலும் எனக்கு அதில் ஒரு குறைவும் இல்லை. வைக்காமல் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்தக் கட்டைவிரல் என் நான்கு வரிக்காக அந்த மையில் படக்கூடாது. நான் கேட்பது அது ஒன்றுதான்.

மலை விஷயத்தில் உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன். கொட்டடியில் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போக வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் கேட்கிற பெரிய வேலை வரும் நாளில் அதற்கும் போகிறேன். அதுவரைக்கும் அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறார்கள், ஆசிரியர் இல்லையாம். நீங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன். ஆனால் என்ன காரணம் என்று சொல்லுங்கள், நான் பதில் எழுதுவேன். இதுவரை எதற்கும் உங்களுக்குப் பதில் பேசியதில்லை. இதற்குப் பேசுவேன்.

நான் போனால் அம்மா தனியாக இருப்பாள். அதை அவளிடமே கேட்டேன். "நீங்க அப்பனும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் போங்க. நான் மறியலோட இருந்துக்கறேன். அதுதான் இந்த வூட்ல சொன்ன எடத்துல இருக்குது" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் நேற்றே என் பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள் என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

ராமசாமி அண்ணே, அப்பாவின் பதிலை எழுதும்போது "அன்பு மகளே, வெற்றி நமதே" என்றெல்லாம் நீங்கள் சேர்க்க வேண்டாம். அப்பா அப்படிப் பேசமாட்டார். அவர் வாயால் என்ன வருகிறதோ, திட்டினால் திட்டியபடியே, எழுதுங்கள். அவருக்கு இருமலுக்கு வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மாமாவிடம் சுக்கும் மிளகும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன், உள்ளே விடுவார்களா தெரியாது.

கடிதத்தை மடிக்கப் போனபோது அம்மா மறுபடி வந்தாள். தானும் ஒன்று சொல்ல வேண்டும், எழுது என்றாள். எத்தனை பேர் முன்னால் படிப்பார்கள் என்று நினைவூட்டினேன். "படிக்கட்டுமே, இன்னா இருக்குது அதுல" என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அவரக் கொடி எழும்பிடுச்சு. மத்தது எதுக்கும் ஆளு வேணாம், நானே பாத்துக்கறேன். பந்தலுக்குக் கம்பும் ஊனி வெச்சிடறேன். மேல குறுக்குக் கம்பு கட்றது மட்டும் எனக்கு எட்டாது. அவசரம் ஒண்ணும் இல்ல. கொடி பக்கத்து வேலில ஏறிக்கும். ஆனா எனக்கு எட்டாதுன்னு எழுது."

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகள்,
கொ. செந்தமிழ்ச்செல்வி.